மிகிவா இருக்காளா?

எங்கள் தொமரியுராவில் பிறந்தவர்களில் நாடு முழுக்கப் பெயர் தெரிந்தவள் ஒருத்திதான். இசோபே மிகிவா. அவளுக்கு வயது பதினாறு. நான் அவளை அறிந்த நாளிலிருந்து பதினாறுதான். அக்டோபரில் அவள் பிறந்தநாளுக்கு ஊரில் கேக் வெட்டுவார்கள். அதன்மேல் எண் போட்ட மெழுகுவத்தியை மட்டும் யாரும் வைக்க மாட்டார்கள்.

அவளை யாரும் பெற்றெடுக்கவில்லை. தோக்கியோவில் ஒரு கம்பெனி ‘இத்சுமினாதோ’ என்று ஒரு பாட்டுக் குழுவைக் கற்பனை செய்தது. ஐந்து துறைமுகங்கள், ஊருக்கு ஒரு பெண். முதலில் பாட்டுகள் வந்தன. பிறகு கைபேசி விளையாட்டு, பிறகு தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடர், பிறகு அந்த ஐவருக்கும் குரல் கொடுத்த பெண்களே மேடையேறிப் பாடும் கச்சேரிகள். ஐந்தாவது துறைமுகம் எங்களுடையது. ஐந்தாவது பெண் மிகிவா. படங்களில் எப்போதும் ஓரத்தில் நிற்பவள்.

தொடரில் அவள் வீடாக வருவது எங்கள் கடை. மீன் விழுதைக் கோலில் சுற்றி, நெருப்பில் சுட்டு விற்கிற சிக்குவாக் கடை. வரைகிறவர்கள் இரண்டு பேர் ஒரு மழைநாளில் காமிராவோடு வந்தார்கள். என் மனைவி சாயோகோ அவர்களை உள்ளே உட்காரவைத்துச் சூடாக ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். அடுத்த வருடம் தொலைக்காட்சியைப் போட்டால் எல்லாம் இருந்தது. சரிந்த கூரை விளிம்பு, தெருப்பக்கத்து அடுப்பு, விரிசல் விட்ட கண்ணாடியில் நான் ஒட்டிய நாடா. நான் மட்டும் இல்லை. மிகிவாவின் அப்பா தூரக்கடலில் சூரை மீன் பிடிக்கும் கப்பலில் இருக்கிறார். கடையைப் பார்த்துக்கொள்வது அம்மா.

இதனால் ரசிகர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. சாயோகோவை அவர்கள் முதல் நாளே “அம்மா” என்று கூப்பிட்டுவிட்டார்கள். பின்கட்டில் மீன் அரைத்துக்கொண்டிருந்த என்னை என்னவென்று கூப்பிடுவது? அப்பா என்றால் கப்பல் கரைக்கு வந்துவிட்டதாக ஆகும், கதை கெடும். தங்களுக்குள் நெடுநேரம் பேசிவிட்டு குவாபராவை அனுப்பினார்கள். அவர் லாரி ஓட்டுகிறவர், நாற்பதைத் தாண்டியவர், தொப்பியைக் கழற்றாமல் யாரிடமும் பேசமாட்டார்.

“அம்மா, இவர உங்க தம்பின்னு வச்சுக்கலாமா?”

“தம்பியா? என்னவிட ஆறு வயசு மூத்தவரு.”

“அப்ப அண்ணன்.”

“கல்யாணம் ஆகாத அண்ணன். தங்கச்சி வீட்டுல சாப்பிட்டுக்கிட்டுக் கெடக்கறவரு. பொருத்தமாத்தான் இருக்கு, வச்சுக்கோங்க.”

அன்றிலிருந்து நான் மாமா.

தொடரில் ஒவ்வொரு வாரமும் ஆரம்பம் ஒன்றேதான். தோழிகள் நால்வரும் கடைக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார்கள்: “மிகிவா இருக்காளா?” அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொல்வாள்: “இல்லம்மா, இப்பத்தான் போனா. தபால்காரரோட சைக்கிள் சங்கிலி கழண்டுருச்சாம்.” இல்லாவிட்டால் யாருடைய நாயோ படகில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்திருக்கும். மிகிவா எங்கே புறப்பட்டாலும் வழியில் யாருக்காவது கைகொடுக்க நின்றுவிடுவாள். ஒத்திகைக்கு ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்லை.

தொடர் வந்தபின் அவளுடைய முதல் பிறந்தநாளன்று நாற்பது பேர் போல எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். சட்டையெல்லாம் அவள் நிறமான பாசிப் பச்சை. பையெல்லாம் அவள் முகம் போட்ட வில்லைகள். உள்ளே வரக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் துணிந்து கேட்டுவிட்டார். “மிகிவா இருக்காளா?”

சாயோகோ திரும்பவில்லை. கோலைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “இல்லப்பா, இப்பத்தான் போனா. கோயில் படியில புல்லு மண்டிக் கெடக்குன்னு புடுங்கப் போயிருக்கா.”

அது வெறும் கதையும் அல்ல. காலையில் சிக்குவா வாங்க வந்த பூசாரி அந்தப் புல்லைப் பற்றித்தான் புலம்பிவிட்டுப் போனார். வந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள், குனிந்து வணங்கினார்கள், போய்விட்டார்கள். ரயிலுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். பிற்பகல் பூசாரி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“சாயோகோ-சான், பொம்மைப் பொண்ணு சட்டை போட்டவங்க படி முழுக்கக் குத்த வச்சுப் புல்லு புடுங்கறாங்க. மிகிவா எங்கேன்னு என்னைக் கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?”

“இப்பத்தான் போனான்னு சொல்லுங்க.”

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு வருடம் அவள் பாலர் பள்ளி ஊஞ்சலுக்கு வண்ணம் அடிக்கப் போனாள். ஒரு வருடம் புயலில் சிக்கிய வலைகளைப் பிரிக்கப் போனாள். ரசிகர்கள் அங்கே போவார்கள். அவள் ஒரு நிமிடம் முன்னால் கிளம்பியிருப்பாள். விட்டுப்போன வேலையை அவர்கள் முடித்துவிட்டு வருவார்கள். சாயோகோ சொல்வது மிகிவா செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ஊரில் உள்ளபடியே கிடக்கிற வேலையாக இருக்க வேண்டும். முன்பு சொன்னதாக இருக்கக் கூடாது. யாரும் விதித்த விதிகள் அல்ல இவை, ஆனால் மீறியதில்லை.

செப்டம்பர் பிறந்தால் எங்கள் கடையில் கூட்டம் கூடும். மீனவர் சங்கத் தலைவர் வருவார். பள்ளித் தலைமையாசிரியை வருவார். மிகிவா இந்த வருடம் எங்கே போவதாக உத்தேசம் என்று பேச்சோடு பேச்சாக விசாரிப்பார்கள். பக்கத்துக் கடை இனாகாகி நேராகவே கேட்பார். அவர் முடிதிருத்துபவர். அவர் கடை வாசலில் சுற்றும் கோடுபோட்ட கம்பம் மூன்றாவது வாரத் தொடரில் இரண்டு விநாடி வந்தது.

“நானும் அந்தக் கதையில இருக்கவன்தான். எனக்குன்னு ஒரு வருசம் வரக்கூடாதா அவ?”

“உங்க கடையில என்ன வேல இருக்கு? முடி வெட்ட வர்றவங்களே இல்ல, கூட்டறதுக்கு முடி எங்க?” என்பாள் சாயோகோ. அவர் கோபித்துக்கொண்டு போய், மறுநாளும் வருவார்.

இல்லாத ஒரு பெண்ணுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. கோயில் படியில் புல் போனது உண்மை என்று மட்டும் அவர்களிடம் சொல்வேன். ஆனால் எனக்குள் சொல்லிக்கொள்ள இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மிகிவாவுக்குக் கனத்த, தாழ்ந்த குரல். குழுவில் எல்லோருக்கும் அடியில் கீழ்ச்சுரம் பாடுவாள். பாட்டைக் கேட்டுவிட்டு முணுமுணுக்கிறவர்கள் அவள் பாடியதை முணுமுணுப்பதில்லை. யார் நடுவில் நிற்பது என்று வருடாவருடம் ரசிகர்கள் வாக்களிப்பார்கள். அவள் கடைசியில்தான் வருவாள். அதற்காக அவளைச் சிரிப்பு மாறாத தியாகியாக அவர்கள் வரையவில்லை. ஒரு வாரம் குளியலறையில் வாளியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு கத்துகிறாள். பிறகு துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தாமதமாக ஒத்திகைக்குப் போகிறாள்.

ஒன்பதாவது வாரத்தில் ஒரு காட்சி. பெரிய மேடை. நடுவில் நிற்கும் பெண் பயத்தில் சுரம் தவறுகிறாள். ஓரத்திலிருக்கும் மிகிவா தன் குரலைச் சற்று ஏற்றி அவள் பக்கமாக நகர்கிறாள், அந்தக் கீழ்ச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவள் தன் சுரத்துக்கு ஏறி வருவதற்காக. அரங்கில் யாரும் கவனிக்கவில்லை. நமக்கும் முகத்தைக் காட்டுவதில்லை. ஒரு செருப்பு அரையடி நகர்வதைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

சாயோகோ அதை மறுபடி மறுபடி போடச் சொல்வாள். “பாத்தீங்களா, கால் மட்டும் நகருது. மூஞ்சியக் காட்டியிருந்தா நம்மள அழ வச்சிருப்பாங்க. காட்டல பாருங்க.”

நான் நிறையப் புத்தகம் படித்தவன். காகிதத்தில் நல்லவர்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன். தான் நல்லவள் என்ற நினைப்பே இல்லாமல் இப்படி அரையடி நகர்ந்தவர்கள் அவர்களில் அதிகம் பேர் இல்லை.

சாயோகோ ஒரு வசந்த காலத்தில் இறந்தாள். காலையில் தலை வலிக்கிறது என்றாள், அடுப்பை அணைத்தாள், மருத்துவமனையில் மாலை வரை இருந்தாள். இறுதிச் சடங்குக்குக் கறுப்பு உடுப்பில் பலர் வந்தார்கள். பச்சைச் சட்டையும் வில்லைகளும் இல்லாததால் எனக்கு முதலில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. குவாபரா தொப்பியைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. அவர்கள் வைத்த மலர்வளையத்தில் பெயர் எழுதும் இடத்தில் ‘இசோபே வீட்டுக்கு வந்துபோகிறவர்கள்’ என்று இருந்தது. இசோபே மிகிவாவின் குடும்பப்பெயர், எங்களுடையது ஒகினோ.

அதன்பிறகு சந்தைக்குத் தர வேண்டியதை மட்டும் பின்கட்டில் செய்தேன். முன் அடுப்பு அவளுடையது, அதை மூட்டவில்லை. அதன் பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் கொடுத்த ஆளுயர அட்டைப்படமாக மிகிவா நின்றாள். கையில் ஒத்திகைப் பை, ஒரு கால் தெருவைப் பார்த்து.

செப்டம்பரில் ஊராட்சிச் சுற்றுலாப் பிரிவிலிருந்து ஹொஷினா வந்தார். முப்பதுகளில் இருப்பவர், நல்ல பெண். வந்ததும் உள்ளே போய் சாயோகோவின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி வைத்து மணியைத் தட்டிக் கும்பிட்டுவிட்டு வந்துதான் பேச்சை எடுத்தார்.

“ஒகினோ-சான், நீங்க சிரமப்படக் கூடாது. மிகிவாவ நாங்க ஸ்டேஷன் மண்டபத்துக்குக் கொண்டுபோயிடறோம். தொடர்ல அம்மாவுக்குக் குரல் குடுத்தவங்க பதிலையெல்லாம் பதிவு பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. பொத்தானை அமுக்கினா போதும், ‘இப்பத்தான் போனா’ன்னு வரும்.”

“மிகிவா எங்க நிப்பா?”

“கண்ணாடிக் கூண்டுக்குள்ள. தூசு படாது.”

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தது. சாயோகோவின் உடுப்புகளும் படமும் எங்கள் வீட்டில் இருக்கும், மிகிவா போய்விட்டால் சாயோகோ பேசின பேச்சு அங்கே இருக்காது. அதைக் கேட்க ஆள் வரமாட்டார்கள். நான் மூடின கடைக்குள் மீன் அரைக்கும் ஒரு கிழவன், அவ்வளவுதான்.

“பிறந்தநாள் போகட்டும்மா. அன்னைக்கு நானே பதில் சொல்லிப் பாக்கறேன். என்னால ஆகலேன்னா சாயங்காலம் நாலு மணிக்கு வண்டிய அனுப்புங்க. குடுத்துடறேன்.”

“ஆயிட்டா?”

“ஆயிட்டா இங்கயே இருக்கட்டும். அப்புறம் கேக்காதீங்க.”

ஹொஷினா சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார்.

என்ன சொல்வது என்பது பெரிய பாடாகிவிட்டது. கல்லறைகளைக் கழுவப் போயிருக்கிறாள் என்பதுதான் முதலில் வாயில் வந்தது. அப்படிச் சொன்னால் அத்தனை பேரும் சாயோகோவின் கல்லில் தண்ணீர் ஊற்ற வரிசையில் நிற்பார்கள். அவள் என்னைத் திட்டுவாள். கடைசியில் கிழக்குக் கரையில் கடற்பாசி உலர்த்தும் பந்தலைத் தேர்ந்தெடுத்தேன். கோடைப் புயலில் பாதி சாய்ந்து கிடந்தது. அதன் சொந்தக்காரர் தனி ஆள். அவரிடம் போய்ச் சொல்லிவைத்தேன். இனாகாகியைக் கேள்வி கேட்கச் சொல்லி ஒத்திகை பார்த்தேன்.

“மிகிவா இருக்காளா?”

“இல்லை. இப்போதுதான் போனாள்.”

“என்னய்யா இது, போலீஸ்காரன் கேட்டதுக்குச் சாட்சி சொல்ற மாதிரி! கொஞ்சம் இளகிச் சொல்லும். பொண்ணு ஓடிருச்சேங்கற சலிப்பு வேணும், நல்ல பொண்ணாச்சேங்கற பெருமையும் வேணும். சாயோகோ-சான் என்னமா சொல்லுவாங்க!”

“அவ அம்மாவாச்சே. நான் வெட்டிமாமா.”

“மாமாவுக்கும் வாய் இருக்குல்ல? இன்னொரு தரம். பந்தல விட்டுட்டு என் கடைன்னு சொல்லிப் பாரும், தானா இளகும்.”

பிறந்தநாளன்று விடியும்போதே எழுந்தேன். முன் அடுப்பைத் துடைத்து மூட்டினேன். கடை திறந்ததற்கு அடையாளமாகப் பச்சைத் திரையை வாசலில் தொங்கவிட்டேன். முதல் ரயிலிலேயே வந்துவிட்டார்கள். நான் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று கோல்களைத் திருப்ப ஆரம்பித்தேன். அந்தப் பதிலை அப்படித்தான் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்த்துச் சொன்னால் எடுபடாது.

முதலில் வந்தவர் இரண்டு சிக்குவா வாங்கினார். காசை வைத்தார், குனிந்தார், போனார். அடுத்தவரும் அப்படியே. “மாமா, உடம்பப் பாத்துக்கோங்க” என்றார் குவாபரா, தொப்பி கையில் இருந்தது. நான் முதுகால் காத்திருந்தேன். பின்னால் காலடி வரும், நிற்கும், இருமல் கேட்கும், காலடி போகும். ஒருமுறை யாரோ மூச்சை இழுத்தார்கள். இதோ கேட்கப்போகிறார்கள் என்று நாக்கைத் தயாராக வைத்தேன். மூக்கைச் சிந்தினார்கள். ஒரு சுற்று முழுக்கக் கருகிப்போனது.

ஓரக்கண்ணால் பார்த்தேன். யாரும் பச்சை உடுத்தவில்லை. எல்லோரும் சாம்பலும் கறுப்புமாக எதிரே கடல் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, வாங்கியதைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தார்கள். பேருந்து வராத நிறுத்தத்தில் காத்திருக்கும் கூட்டம் போல.

நண்பகல் கழிந்து இனாகாகி உள்ளே வந்தார்.

“என்னய்யா நடக்குது? பந்தல்காரரு காலையிலேருந்து ‘இப்பத்தான் போனா, இப்பத்தான் போனா’ன்னு தனியாச் சொல்லிப் பழகிக்கிட்டு உக்காந்திருக்காரு. ஒரு ஆளும் போகல.”

“யாரும் கேக்கல.”

“கேக்கலையா? இரும்.”

சுவரோரம் போனார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

“முட்டாப் பசங்க! துக்க வருசமாம். துக்க வீட்டு வாசல்ல விளையாட்டுக் கேள்வி கேக்கறது முறையில்லையாம். போன மாசமே போன்ல பேசி எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்களாம். பச்சை வேணாம், பாட்டு வேணாம், கேள்வி வேணாம். மாமா மனசு நோகக் கூடாது. வருவோம், வாங்குவோம், கும்பிட்டுட்டுப் போவோம்னு. அந்த லாரிக்காரருதான் அதுல கண்டிப்பா இருந்தாராம்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இறந்த வீட்டில் ஒரு வருடம் கொண்டாட்டம் ஆகாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த முறை. புத்தாண்டு வாழ்த்துக்கூட அனுப்பமாட்டோம். அவர்கள் செய்தது சரிதான். அந்தச் சரியினாலேயே நாலு மணிக்கு மிகிவா கண்ணாடிக்குள் போய்விடுவாள்.

“நீரே சொல்லிடும்,” என்றார் இனாகாகி. “திரும்பி நின்னு, இப்பத்தான் போனான்னு சொல்லும்.”

“கேக்காம எப்படிப் பதில் சொல்றது?”

“நான் கேக்கறேன்.”

“நீங்க பக்கத்துக் கடைக்காரரு. அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாதா? பொய்யாப் போயிரும்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் அட்டைப்படத்தைப் பார்த்தோம். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் போனது. சுவரிலிருந்தவர்கள் எழுந்து தூசு தட்டினார்கள். ரயிலுக்குக் கிளம்புகிறார்கள். அப்போது கடைக்குள் ஒரே ஒருத்திதான் இருந்தாள். மிசோகுச்சி என்று பெயர். பக்கத்து மாகாணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை. தவறாமல் வருகிறவள், பேசி நான் அதிகம் கேட்டதில்லை. வீட்டுக்கு எடுத்துப்போகக் கட்டித்தரச் சொல்லிக் காத்திருந்தாள்.

“கொஞ்சம் இதத் திருப்பிக்கிட்டு இரும்மா, கருகிடும்,” என்று கோலை அவள் கையில் கொடுத்தேன். அவள் மறுபேச்சில்லாமல் அடுப்புக்கு வந்தாள். சமையற்காரி, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றதும் கோல் கையில் தானாகச் சுழன்றது.

நான் வேலை மேலங்கியோடு வெளியே போனேன். சாலையைக் கடந்து அவர்கள் நடுவில் நின்றேன். எல்லோரும் வழிவிட்டுத் தலை குனிந்தார்கள். அந்தக் கடையை அங்கிருந்து நான் பார்த்தது குறைவு. அங்கே நின்று, எங்கள் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

“மிகிவா இருக்காளா?”

குவாபராவின் கையிலிருந்த தொப்பி அப்படியே நின்றது. இனாகாகி கடைக்குள்ளிருந்து என்னை வெறித்தார். அடுப்படியில் மிசோகுச்சியின் முதுகு மட்டும் தெரிந்தது. கோல் சுழல்வது நிற்கவில்லை. இவள் பதில் சொல்லப்போவதில்லை, யாரும் சொல்லப்போவதில்லை என்று நினைத்தேன்.

“இருக்கா,” என்றாள் அவள்.

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை யாரும் சொன்னதில்லை. தொடரில்கூடச் சொன்னதில்லை. எனக்குப் பக்கத்தில் ஒருவர் ‘என்ன?’ என்றார், தனக்குத்தானே.

மிசோகுச்சி திரும்பவில்லை. “உள்ள தூங்கறா. வசந்த காலத்துலேருந்து ஒரு நா ஓயல அவ. சடங்குக்கு ஓடினா, சந்தைக்கு ஓடினா, மாமாவுக்குத் தொணையா நின்னா. இன்னைக்காவது தூங்கட்டும்னு நாந்தான் படுக்க வச்சேன். பாக்கறதுன்னா சத்தம் போடாம உள்ள வாங்க.”

முதலில் குவாபராதான் நகர்ந்தார். சாலையிலேயே குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய மனிதர், நுனிக்காலில் நடந்து சாலையைக் கடந்தார். அவர் பின்னால் மற்றவர்கள். அத்தனை பேர் வந்தும் வாசல் திரை அசைந்த சத்தம்தான் கேட்டது.

உள்ளே வந்தால் வேலை செய்யாமல் அவர்களுக்கு இருக்கத் தெரியாது. ஒருவர் விட்டத்தில் தொங்கும் புகைக்கரியைப் பார்த்தார். “இது மூஞ்சில விழுந்தா முழிச்சுக்குவா,” என்று கிசுகிசுத்தார். உடனே ஏணி வந்தது, ஈரத்துணி வந்தது. குவாபரா பின்கட்டில் அரைக்கும் எந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“மாமா, இது கிறீச்சிடுமா?”

“வருசக்கணக்கா.”

“அய்யோ, பாவம் புள்ள,” என்று லாரியிலிருந்து மசகுக் குப்பியை எடுத்துவந்து தரையில் படுத்துவிட்டார். வசந்தத்திலிருந்து நான் பிரிக்காமல் போட்டிருந்த அட்டைப்பெட்டிகளைச் சில பெண்கள் பிரித்து அடுக்கினார்கள். கண்ணாடியில் பழைய நாடாவைச் சுரண்டப்போன ஒருவனை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். அது தொடரில் இருக்கிறது.

இனாகாகிக்கு மட்டும் குரலைத் தாழ்த்தத் தெரியவில்லை. “என்னய்யா இது—” என்று ஆரம்பித்ததும் நாற்பது பேர் திரும்பி ‘உஷ்’ என்றார்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு என் காதுக்கு வந்தார்.

“தூங்கி எழுந்ததும் என் கடைக்கு வருவாளா?”

“அவளத்தான் கேக்கணும்.”

பிறகு பாடினார்கள். யார் தொடங்கினார்கள் என்று பார்க்கவில்லை. அவளுக்கென்று இருக்கும் ஒரே தனிப்பாட்டு. கச்சேரிகளில் ரசிகர்கள் அதை மேல்சுரத்தில் கத்திப் பாடுவார்கள். கீழ்ச்சுரம் மேடைக்கு உரியது. அன்று மேலே போனால் அவள் விழித்துக்கொள்வாள். அதனால் எல்லோரும் கீழ்ச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு, கையில் துணியும் துடைப்பமுமாக, வாய்க்குள் பாடினார்கள். பல நாள் கேட்ட பாட்டுதான். அதற்கு அடியில் இப்படி ஒரு பாட்டு இருந்தது என்பதை நான் அன்றுதான் முழுதாகக் கேட்டேன். இது இத்தனை அழகாக இருந்தும் அந்தப் பெண் இதைப் பின்னால் நின்றே பாடிக்கொண்டிருந்தாளே என்று நினைத்தேன். மிசோகுச்சி தோளை உயர்த்திக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு கையிலும் கோல் இருந்தது.

நாலு மணிக்கு வண்டி வந்தது. ஹொஷினாவும் ஓட்டுநரும் இறங்கினார்கள். அட்டைப்படத்தைச் சுற்ற மெத்தைத்துணி கொண்டுவந்திருந்தார்கள். இனாகாகி வாசலுக்குப் பாய்ந்து உதட்டில் விரலை வைத்தார்.

“என்ன ஆச்சு?” என்றார் ஹொஷினா.

“பொண்ணு தூங்குது.”

“எந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணா? நீங்க இந்த ஊர்க்காரிதானா?”

ஹொஷினா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஏணியில் நின்றவர்கள், தரையில் கிடந்தவர், அடுப்படியில் முன்பின் தெரியாத பெண், அவள் பக்கத்தில் நான். செருப்புகள் எல்லோர் கையிலும் இடுப்பிலும் இருந்தன. அவர் மெத்தைத்துணியை மெல்ல ஓட்டுநர் கையில் திணித்தார். வாசல்படிக்கு வெளியே நின்றபடி, வேலைக்கு வந்த குரலில் இல்லாமல், அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்தியின் குரலில், தாழ்வாகக் கேட்டார்.

“எப்ப எந்திரிப்பா?”

எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். மிசோகுச்சி கோலை என் கையில் கொடுத்துவிட்டு ஓர் எட்டு விலகினாள். நான் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

“யாரு கண்டா? எந்திரிச்சா ஒரு நிமிசம் வீட்டுல நிப்பாளா அவ?” என்றேன். “நாளைக்குக் காலையில வந்து கேட்டுப் பாரும்மா. கடை தொறந்திருக்கும்.”

“சரிங்க மாமா,” என்றார் ஹொஷினா. அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

ஓட்டுநர் போய் வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டார். குவாபரா பின்கட்டிலிருந்து மசகுக் கையோடு ஓடி, வண்டியின் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையையும் ஆட்டினார். இஞ்சினைக் கிளப்பக் கூடாது என்று சைகையிலேயே விளக்கினார். எங்கள் தெரு துறைமுகத்தை நோக்கி இறங்குகிறது. ஆறேழு பேர் வண்டியின் பின்னால் தோள் கொடுத்தார்கள். ஹொஷினா தன் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். வெற்று வண்டி உருண்டு, தெரு முனையைத் தாண்டி, கடற்கரைச் சாலை வரை போன பிறகுதான் இஞ்சின் சத்தம் கேட்டது.